எங்கட பெயரில் ஒரு தேள்

உலகத்துத் தேள்களில் ஒன்றுக்கு எங்கட பெயர் வைத்திருக்கிறார்கள். ஹொட்டன்டோட்டா டாமுலஸ். 'டாமுலஸ்' என்றால் தமிழுக்குரியது. நாங்கள் செந்தேள் என்போம்.

1798ல் இதை விபரித்து எழுதியவர் டென்மார்க்கின் ஜொஹான் கிறிஸ்டியன் பப்ரீசியஸ். தமிழ் அகராதி செய்த பாதிரியார் பப்ரீசியஸ் வேறு ஆள். இவர் லின்னேயஸின் மாணவர், பூச்சிகளுக்குப் பெயர் வைப்பதே வேலை. அப்போது தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையில். அங்கே பிடித்த பூச்சிகள் கப்பலேறி ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. பிடித்துக் கொடுத்த கைகளை யார் நினைக்கிறார்கள்? இனத்தின் பெயர் மட்டும் லத்தீனில் ஏறிவிட்டது.

பெயரின் முதல் பாதி இன்னும் மோசம். ஆபிரிக்கா, அரேபியா, ஈரான், இந்தியா என்று பாலைவனங்களிலும் வறண்ட நிலங்களிலும் பரந்து வாழும் ஒரு தேள் சாதி இது. 1908ல் ரஷ்யரான பிருலா இதற்கு ஹொட்டன்டோட்டா என்று பெயரிட்டார். பப்ரீசியஸ் 1787லேயே ஒரு தேளுக்கு வைத்திருந்த பெயர்தான் அது. 'ஹொட்டன்டொட்' என்பது தென்னாபிரிக்காவின் கொய்கொய் மக்களை டச்சுக்காரர் இளக்காரமாக அழைத்த சொல். இன்றைக்கு அது வசைச்சொல். வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் தேள் வாழ்வது மேற்கு ஆபிரிக்காவில். கொய்கொய் மக்களின் நிலம் எங்கேயோ தெற்கில். 1638ல் எங்கட மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த அதே டச்சுக் கம்பனிதான் 1652ல் அங்கே நன்னம்பிக்கை முனையில் கால் ஊன்றியது. ஆண்டவர்கள் ஒரே ஆக்கள். ஆளப்பட்ட இரண்டு மக்களின் பெயரும் இப்ப ஒரு தேளின் முதுகில்.

பெயர் வைத்து 180 வருசம் போன பிறகும் அது கொட்டியவர்களைக் காப்பாற்ற வழி இருக்கவில்லை. 1976ல் மகாராஷ்டிராவின் பிர்வாடி கிராமத்துக்கு வேலைக்குப் போன இளம் டொக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், கொட்டு வாங்கியவர்களின் கட்டிலருகிலேயே இருந்து கவனித்தார். விசம் உடம்பின் நரம்புகளைத் தூண்டிவிட, இரத்த அழுத்தம் ஏறி, இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோர்க்கிறது. பிரசர் நோய்க்குக் கொடுக்கும் பிராசோசின் என்ற மலிவான குளிசையை அவர் கொடுத்துப் பார்த்தார். 1986ல் அது 'லான்செட்'டில் வந்தது. பத்துக்கு மூன்று நாலு பேர் செத்த இடத்தில், சாவு நூற்றுக்கு ஓரிருவராகக் குறைந்தது. 2022ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இது இந்தியக் கதை மட்டுமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் செந்தேள் இருப்பதையும், அது ஆக்களைக் கொட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதையும் 2015ல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

எங்கட வாவிக்கரை ஊர்களில் தேள் என்றதும் நினைவுக்கு வருவது பெரிய கறுத்த நட்டுவக்காலிதான். உருவம் பயங்கரம், வலியும் பயங்கரம், ஆனால் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். பார்வை பார்த்தால் சுகம் வந்தது என்று சொல்வதில் இதுக்கும் பங்குண்டு. செந்தேள் அப்படியில்லை. ஆள் சின்னன். வலியை விட, அதுக்குப் பிறகு வரும் வாந்தியும், கொட்டும் வேர்வையும், குளிர்ந்துபோகும் கையும் காலுமே ஆபத்தின் அடையாளம். பிள்ளைகள் என்றால் இன்னும் அவசரம். மந்திரத்துக்குக் காத்திருக்கும் நேரம் அங்கே உயிரின் நேரம்.

பரிகாரிமாரை நாங்கள் இளக்காரம் செய்யவில்லை. இளக்காரம் எப்படிப் பெயராகும் என்பதைத்தான் மேலே பார்த்தோமே. பரிகாரி வீட்டுக்குப் போகிற ஓட்டோவை முதலில் ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள் என்றுதான் கேட்கிறோம்.