கருமபீடமும் கைபேசியும்

கொழும்புச் செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பற்றுவரவைத் தமிழிலேயே எழுதினர். வட்டி கொடிதுதான்; கணக்காவது நம்மவர்க்கு விளங்கிற்று. 1939இல் இலங்கை வங்கியும் 1961இல் மக்கள் வங்கியும் பிறந்தன. இடையே 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று; தமிழுக்கு அவ்வுரிமை 1987இல்தான் வந்தது. படிவம் நிரப்பப் பிறர் கையை எதிர்பார்த்தே நம்மவர் பலர் கருமபீடத்தின் முன் நின்றனர்.

இன்று படிவத்தோடு திரையும் சேர்ந்துள்ளது. வங்கி இணையத்தளத்தில் பற்றுவரவு முழுவதும் ஒருசேரத் தெரியும். வெள்ளவத்தைக் கடைக்காரர் அதையே விரும்புவார். கணினியில்லாத கொட்டாஞ்சேனைத் தொழிலாளிக்குக் கைபேசிச் செயலியே கதி. அத்தகைய ஒருவர் 'தமிழ்' என்பதைத் தொட்டே பணம் அனுப்ப முனைந்ததை நாம் கண்டோம். தவறு நேர்ந்ததும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தது. மகளை அழைத்தார். கடவுச்சொல்லையும் அவளிடமே சொல்லவேண்டியதாயிற்று.