கமேலியா: பாசத்தால் செத்த செடி

செடி செத்துப்போனா தண்ணி ஊத்தலைன்னுதான் முதல்ல சந்தேகப்படுவோம். ஆனா ஓவரா கவனிச்சே கொல்லப்பட்ட செடி ஒண்ணு இருக்குங்க. பேரு கமேலியா. ஜப்பானில் 'த்சுபாகி' என்பார்கள். ரோஜா மாதிரி பூ, எண்ணெய் தடவின மாதிரி மின்னும் கரும்பச்சை இலை, குளிர்காலத்திலும் உதிராது. நாம குடிக்கிற டீச்செடிக்கு ஒண்ணுவிட்ட அக்கா. இரண்டும் ஒரே பேரினம்.

சொந்த ஊர் ஜப்பான், தென் கொரியா, கிழக்குச் சீனா. அங்கே பெரிய மரங்களுக்கு அடியில், அரை நிழலில் வளரும். மேலிருந்து விழும் இலைகள் மக்கி, மண் அமிலத்தன்மையோடு இருக்கும். குளிர்காலத்தில் நல்லாவே குளிரும். இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்குங்க. ஐரோப்பாவுக்கு இது புரிய ஏறக்குறைய 200 வருஷம் ஆச்சு!

முதல்ல பேர்க்கதை. கியோர்க் யோசப் கமெல் (1661-1706) மொராவியாவின் பிர்னோ நகரில் பிறந்த இயேசு சபைத் துறவி. மணிலாவில் மருந்தகம் நடத்தினார். பிலிப்பைன்ஸ் தாவரங்கள் பற்றி எழுதினார். இந்தப் பூச்செடிக்கு அவர் பேரை வைத்தது லின்னேயஸ். கோட் எழுதினவன் ஒருத்தன், பேர் இன்னொருத்தனுக்குன்னு நம்ம ஆபீஸ்ல நடக்குறதுதான் :)

1740-ஐ ஒட்டி இங்கிலாந்தின் எஸெக்ஸில், தார்ண்டன் ஹால் என்ற மாளிகையில் பீட்டர் பிரபு கமேலியாவை வளர்த்தார். அந்த நாட்டில் பூத்த முதல் கமேலியாக்களில் அது ஒன்று. கிழக்கிலிருந்து வந்த செடியாச்சே, வெயிலூர்ச் செடியாத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, அடுப்பு மூட்டிச் சூடாக்கும் கண்ணாடி வீட்டில் வைத்தார்கள். வெக்கையிலேயே வெந்து செத்தது என்கின்றன தோட்டக்கலை நூல்கள். 1742-ல் பிரபுவும் அம்மை கண்டு 29 வயதில் இறந்துபோனார்.

1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று சீனாவிலிருந்து புது ரகங்களைக் கொண்டுவந்தது. கப்பல் பேர் என்ன தெரியுமா? 'கர்னாடிக்'! அதுக்கப்புறம் பணக்காரர்களுக்குக் கமேலியா பைத்தியம் பிடித்தது. லண்டன் சிஸ்விக் மாளிகையில் 1813-ல் கட்டிய நீளமான கண்ணாடிக்கூடத்துக்குள் 1828 வாக்கில் கமேலியாக்களை நட்டார்கள். 1848-ல் இளைய டூமா நாவலின் தலைப்பிலேயே இந்தப் பூவை வைத்தார். ஆனாலும் அந்த நூற்றாண்டில் கமேலியா பெரும்பாலும் கண்ணாடிக்குள்தான் இருந்தது. நிலக்கரிக்கு ஒரு செலவு, தோட்டக்காரருக்கு ஒரு செலவு. எடுத்தா என்ன ஆகும்னு தெரியாததால யாரும் எடுக்கத் துணியாத பழைய கோட் மாதிரி, அந்தக் கண்ணாடியும் அப்படியே நின்றது.

ஜெர்மனியில் ஒரு விபத்து நடந்தது. டிரெஸ்டன் பக்கத்தில் பில்னிட்ஸ் அரண்மனைத் தோட்டம். அங்கே 1801-ல் நிலத்தில் நட்ட கமேலியாவுக்குக் குளிர்காலம் வந்தால் சுற்றிலும் மரவீடு கட்டி, உள்ளே சூடேற்றுவார்கள். 1905 ஜனவரியில் அந்த வீடு தீப்பிடித்தது. வெளியே மைனஸ் 20 டிகிரி. அணைக்க ஊற்றிய தண்ணீர் செடிமேலேயே உறைந்து பனிக்கட்டியானது. கதை முடிஞ்சதுன்னு நினைச்சிருப்பாங்க. அது மறுபடி துளிர்த்தது! இன்றைக்கு ஏறக்குறைய 9 மீட்டர் உயரம். ஒரு பருவத்தில் 35,000 பூ வரைக்கும் பூக்கிறது. அதற்காக மைனஸ் 20-ல் சும்மா விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. 1992-லிருந்து தண்டவாளத்தில் ஓடும் கண்ணாடி வீடு ஒன்று குளிர்காலத்தில் வந்து மூடுகிறது, கோடையில் நகர்ந்துவிடுகிறது. தேவையான நேரத்துக்கு மட்டும் பாதுகாப்பு.

அடுத்த பாதி மண். 1909-ல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் சோரன்சன் பிஎச் அளவுகோலைக் கொடுத்தார். அடுத்த வருஷமே அமெரிக்க வேளாண் துறையின் ஃப்ரெடரிக் கோவ்வில், புளூபெர்ரிக்கு அமில மண்தான் வேண்டும் என்று சோதனையில் காட்டினார். கமேலியாவும் அந்தக் கட்சிதான். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகிவிடும். பசின்னு நினைச்சு உரத்தைக் கொட்டினா? பீட்டர் பிரபு கதைதான்.

1920-களில் கார்ன்வாலின் கேர்ஹேஸ் மாளிகையில் ஜே.சி. வில்லியம்ஸ், ஜப்பான் கமேலியாவையும் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கமேலியாவையும் கலந்தார். பிறந்த 'வில்லியம்சி' கலப்பினங்கள் இங்கிலாந்தின் திறந்தவெளியில், மர நிழலில் ஜோராகப் பூத்தன. கண்ணாடியும் இல்லை, கரியும் இல்லை.

இன்றைக்குத் தோட்டக்காரர்கள் சொல்வது இவ்வளவுதான்: அரை நிழல், 5.5 முதல் 6.5 வரை பிஎச், இலைமக்கு, மழைத்தண்ணீர். ஆழமாகப் புதைக்கக் கூடாது, வேர் மேலாக ஓடும். கோடைக் கடைசியில் மொட்டு கட்டும்போது காயவிடக் கூடாது. உறைபனி விழுந்த மொட்டில் காலை வெயில் நேராக அடித்தால் கருகும், அதனால் கிழக்குச் சுவர் வேண்டாம். யோசித்தால், இதெல்லாம் அந்தக் காட்டிலேயே இருந்தது. செடியைக் கப்பலேற்றியவர்கள் காட்டைப் பற்றிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டிஸ்கி: சென்னை மொட்டைமாடியில் வருமான்னு பின்னூட்டத்துல கேட்காதீங்க மக்கா. நம்ம போர் தண்ணி உப்பும் சுண்ணாம்பும் போதும் அதைப் பழுக்க வைக்க. நீலகிரியில் அமில மண்ணில், சில்வர் ஓக் நிழலில் நிற்கிற அதன் தங்கச்சியைப் பறிச்சுக் காயவச்சு, ஒரு டீ போட்டுக் குடிங்க :)