முதல் சோதனை சொன்னதே முடிவா?

"கொசுக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க இருபது நிமிடச் சோதனை வந்துவிட்டது, இனி என்ன கவலை?" என்று எதிரணி நண்பர் கேட்டார். அவருக்கான பதில் நம் ஈப்போவிலேயே இருக்கிறது.

1998 செப்டம்பர் வாக்கில், கிந்தா வட்டாரப் பன்றிப் பண்ணைகளோடு தொடர்புள்ளவர்கள் கடும் காய்ச்சல், தலைவலி, நினைவிழப்பு என்று மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலருடைய இரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் தென்பட்டது. அந்தக் கிருமி பெருகுவது பன்றியின் உடலில், பரப்புவது கொசு. கணக்குச் சரியாக இருக்கிறதே என்று புகை மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் கண்முன்னே இருந்தன. அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்களோ உழைக்கும் வயது ஆண்கள். கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? பன்றியைத் தொடாத அக்கம்பக்கத்தாருக்கு நோய் வரவில்லை. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் இருமிச் செத்தன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே கிருமிக்கும் வந்தது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த கிருமி அது. கொசுவுக்கு அதில் பங்கே இல்லை! அதற்குள் நோய் நெகிரி செம்பிலானுக்கும் போய்விட்டது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டார்கள். 105 பேர் மாண்டார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

அப்படியானால் சோதனை பொய்யா? இல்லை. எதிர்ப்பொருள் ஒரு காலடித் தடம். ஒருவர் வந்து போனதை அது சொல்லும். இன்று திருடியவர் அவர்தானா என்று சொல்லாது. பழைய தொற்றாலும் தடுப்பூசியாலும் கூட எதிர்ப்பொருள் இருக்கலாம். டிங்கியும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஒரே குடும்பக் கிருமிகள் என்பதால், ஒன்றின் தடம் மற்றதைப் போலவும் தெரியலாம்.

ஆகவே சோதனைக் கருவியையும் சோதிக்க வேண்டும். 2009இல் வெளியான ஆய்வில், விற்பனையிலிருந்த டிங்கி ஐஜிஎம் சோதனைகளை நம்பகமான ஆய்வகச் சோதனையோடு ஒப்பிட்டார்கள். நோய் உள்ளவர்களைச் சரியாகக் காட்டும் திறன், கருவிக்குக் கருவி 21 விழுக்காடு முதல் 99 விழுக்காடு வரை மாறியது. மலேரியா நோயாளிகளுக்கும், முன்பு டிங்கி வந்தவர்களுக்கும் கூட, 'டிங்கி இருக்கிறது' என்று சில கருவிகள் தவறாகக் காட்டின.

தோட்டம் போய்த் தாமான் வந்தும் கொசு நம்மை விடவில்லை. எனவே வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டியது இது: ஐஜிஎம் எதிர்ப்பொருள் பெரும்பாலும் காய்ச்சலின் 5ஆம் நாள் வாக்கில்தான் தென்படும். இரண்டாம் நாளில் 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். மறுபடியும் மருத்துவரிடம் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்த விலங்கோடு பழகுகிறீர்கள், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பதையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கிந்தாவில் உண்மைக்கு வழிகாட்டியவை அந்த விவரங்களே.

தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?