அம்மோனைட்

அம்மோனைட் என்பது கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றின் உறவான, அழிந்துபோன ஓட்டுக் கடலுயிரியையும் அதன் சுருள் வடிவப் புதைபடிவத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொல். இவ்வுயிரினங்கள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தன. அவை மறைவதற்கு முந்தைய காலத்தில் அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கடலாக இருந்தது. காரை ஊரை ஒட்டிய அரிப்பு நிலங்களில் இப்புதைபடிவங்கள் மண்ணுக்கு வெளியே தெரிகின்றன.

சொல்லின் வேர் எகிப்தில் இருக்கிறது. ஆமூன் என்ற கடவுளைக் கிரேக்கர் அம்மோன் என்றனர். செம்மறிக்கடாவின் முறுக்கிய கொம்புகளோடு வடித்தனர். கி.பி. 79இல் மறைந்த ரோமானியர் பிளினி ஒரு கல்லுக்கு 'அம்மோனின் கொம்பு' என்று பெயர் தருகிறார். அப்பெயரோடு கல்லைக் குறிக்கும் விகுதி சேர்ந்து, 18ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தில் நிலைத்தது. அம்மோனியாவுக்கும் அதே கடவுள்தான் மூலம். விவிலியத்தின் அம்மோனியரை ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால் எழுதினாலும் அதன் வேர் வேறு.

இங்கிலாந்தின் விட்பி மக்கள் இதைப் பாம்புக்கல் என்றனர். நாம் வழிபடும் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களில் பெரும்பாலானவையும் அம்மோனைட்டுகளே. ஒரே சுருளைக் கண்டு ஒவ்வொரு நாட்டாரும் தாம் வணங்கியதையோ அஞ்சியதையோ நினைத்தது வியப்புக்குரியது.

அறிவியல் வழக்கிலும் கொம்பு மறையவில்லை. அம்மோனைட் பேரினப் பெயர்கள் பல, கிரேக்கத்தில் கொம்பைக் குறிக்கும் 'செராஸ்' என்றே முடியும். பாடாலூருக்கு அருகிலுள்ள ஊட்டத்தூரின் பெயரால் 'உட்டாட்டூரிசெராஸ்' என்றொரு பேரினம் உண்டு; எகிப்தியக் கடவுளின் கொம்போடு நம் ஊர்ப்பெயர் ஒன்று உலக நூல்களில் நிலைபெற்றுவிட்டது. இவ்வட்டாரப் புதைபடிவங்களை இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1862இல் இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்த் தொகுதிகளாக வகுத்தார். பின்னர் இப்புதைபடிவங்கள் பற்றி ஆய்வாளர் ஸ்டோலிச்காவின் நூல்வரிசை வந்தது.

பல அம்மோனைட் இனங்கள் குறுகிய காலமே வாழ்ந்து, பரந்த கடல்களில் பரவின. அதனால் இங்குள்ள அடுக்கொன்றை மடகாஸ்கரின் அடுக்கோடு பொருத்தி வயதறிய முடிகிறது. எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பில்லாமல் பெயர்த்தெடுத்த கல்லுக்கு இந்தப் பயன் இல்லை. வாரணவாசியிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் இவ்வட்டாரப் புதைபடிவங்களைக் காணலாம்.