அனெனெகுயில்கோவின் தகரப் பெட்டி

மெக்சிக்கோப் புரட்சி என்றதும் எமிலியானோ சப்பாட்டாவின் அகன்ற தொப்பியும் அடர்ந்த மீசையுமே பலருக்கும் நினைவில் எழும். அவரைத் தலைவராக்கிய கிராமத்தை நினைப்போர் குறைவு. அக்கிராமத்தின் கதையை அறியாதவர்க்கு, சாதாரணக் கமக்காரர் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் அடுத்தடுத்து வந்த அரசுகளை எதிர்த்து நின்றமை விளங்காத புதிராகவே இருக்கும்.

தலைநகருக்குத் தெற்கே உள்ள மொரேலோஸ் மாநிலம் கரும்பு விளையும் பூமி. ஸ்பானியர் ஆட்சிக் காலந்தொட்டே அங்கு பெரும் பண்ணைகளும் குடியானவர் கிராமங்களும் அருகருகே இருந்து வந்தன. பூசல் இல்லாமலில்லை, ஆயினும் இரண்டும் பிழைத்தன. 1881இல் குவாவுட்லா நகருக்குப் புகையிரதம் வந்தது. அதனைத் தொடர்ந்து புதிய ஆலை இயந்திரங்கள் வந்தன. இயந்திரத்தின் பசிக்குக் கரும்பு வேண்டும், கரும்புக்கு நிலமும் நீரும் வேண்டும். கிராமங்களின் பொதுக் காணிகளும் மேய்ச்சல் தரைகளும் ஒவ்வொன்றாகப் பண்ணை வேலிகளுக்குள் மறைந்தன. முறையிடச் சென்றோர் வெறுங்கையுடன் திரும்பினர். 1909இல் மாநில ஆளுநராக அமர்த்தப்பட்ட பாப்லோ எஸ்கண்டோனே ஒரு பண்ணையார் என்றால், நீதி எவர் பக்கம் நின்றிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அவ்வாண்டு செப்டெம்பர் 12ஆம் நாள் அனெனெகுயில்கோக் கிராமத்தவர் கூடினர். பண்ணைக் கண்காணிகள் அறியாவண்ணம், மணி அடிக்காமல் வாய்மொழியாகவே அழைப்பு விடுக்கப்பட்டது. எழுபது வயதைக் கடந்த கிராமத் தலைவர் ஹோசே மெரீனோவும் ஏனைய மூத்தோரும், தமக்குத் தள்ளாமை வந்துவிட்டது, இளையோர் பொறுப்பேற்க வேண்டும் எனக் கூறி விலகினர். அவையோர் முப்பது வயதுச் சப்பாட்டாவைத் தெரிவு செய்தனர். அப்போது கிராமத்தின் சனத்தொகை ஏறத்தாழ நானூறு மாத்திரமே.

மூத்தோர் அவரிடம் கையளித்தவை கிராமத்தின் பழைய காணிப் பத்திரங்கள். காணி உறுதியைத் துணியிற் சுற்றி எல்லை கடந்து கொண்டுவந்த எம்மவர்க்கு அவற்றின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. சப்பாட்டாவும் செயலாளர் பிரான்சிஸ்கோ பிராங்கோவும் எட்டு நாட்கள் தேவாலயத்தில் இருந்து அவற்றை ஆராய்ந்தனர். பழங்குடியினரின் நாவாட்டில் மொழியில் இருந்தவற்றை வாசிப்பிக்க அயலூர்ப் பாதிரியாரிடம் பிராங்கோ அனுப்பப்பட்டார். அவர்கள் முதலில் நாடியது அரசியற் சித்தாந்தத்தை அன்று, காணிப் பத்திரங்களையே என்பதை இங்கு அழுத்திச் சொல்லவேண்டும்.

மறு ஆண்டு, பக்கத்துப் பண்ணை அவர்களுக்கு விதைக்க நிலம் மறுத்தது. சப்பாட்டா எண்பது பேர் வரையிலான ஆயுதந் தாங்கியோருடன் சென்று அந்நிலத்தில் தம்மவரை உழ வைத்தார். 1911 மார்ச்சில் மாநிலம் கிளர்ந்தெழுந்தது. டியாஸ் வீழ்ந்தார்; ஆட்சிக்கு வந்த மதேரோவோ காணிகளை உடனே மீட்டுத் தரவில்லை. ஆகவே நவம்பர் 28ஆம் நாள் அயாலாத் திட்டம் கையொப்பமாயிற்று. ஆசிரியர் ஒத்திலியோ மொந்தாஞ்ஞோவின் துணையோடு எழுதப்பட்ட அத்திட்டம், பறிபோன நிலத்துக்குப் பத்திரம் உள்ள கிராமத்தவர் அதனை உடனேயே தம் கைவசப்படுத்தலாம் என்றது.

தளபதி ஹுவென்சியோ ரோபிள்ஸ் கிராமங்களை எரித்தார், மக்களைப் பெயர்த்து ஒரே இடத்தில் அடைத்தார். வீடிழந்தோர் மலையேறிப் போராளிகளுடன் சேர்ந்தனர். போராளிகளுக்குச் சோளரொட்டியும் செய்தியும் கொடுத்தவை கிராமங்கள். விதைப்புக் காலத்தில் பலர் துப்பாக்கியை வைத்துவிட்டு வயலுக்குத் திரும்பினர். இத்தகைய படையை எந்தத் தளபதியால் தேடிப் பிடிக்க முடியும்? ஆனால் விலையும் பெரிது. 1910இல் சுமார் 1,80,000 ஆக இருந்த மொரேலோசின் சனத்தொகை 1921இல் சுமார் 1,03,000 ஆகக் குறைந்தது. போரும் நோயும் இடப்பெயர்வும் அதற்குக் காரணங்கள்.

1919 ஏப்ரல் 10ஆம் நாள் சினமேக்காப் பண்ணையில் சப்பாட்டா வஞ்சகமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். தகரப் பெட்டியிலிருந்த பத்திரங்களை அவர் முன்னரே பிராங்கோவிடம் ஒப்படைத்திருந்தார். பிராங்கோ அவற்றைப் பல ஆண்டுகள் ஒளித்துக் காத்தார். ஹெசூஸ் சொத்தேலோ இங்கிளான் என்னும் ஆசிரியர் அவரை நாடிச் சென்று அவற்றைக் கற்று, 1943இல் நூலாக்கினார். 1947இல் பிராங்கோவும் அவருடைய பிள்ளைகள் இருவரும் கொல்லப்பட்டனர். பத்திரங்கள் அழியவில்லை.