ஓதநீர் மடுவும் நீராடும் உரிமையும்

நமது கல்விச் சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவுறுவதையொட்டி வெளிவரும் இம்மலருக்கு, நம் மக்களின் பழைய வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்து தருமாறு நண்பர்கள் நம்மைப் பணித்தனர். பழைய வாழ்க்கை என்றவுடன் பட்டினியையும் பண்ணை வேலையையும் எழுதுவதே வழக்கம். அவற்றைப் பலரும் எழுதியுள்ளனர். நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் குளியல். இஃது என்ன பெரிய பொருள் என இளைஞர் சிலர் வியக்கக்கூடும். ஆயின், ஒரு மக்கட் கூட்டம் எந்த நீரில் குளித்தது, எந்த நீரில் கால் வைக்க விடப்படவில்லை என்று கேட்டறிந்தால், அக்கூட்டத்தின் வரலாற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

லாக்கு மடு

மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களின் கிழக்கெல்லை முழுவதும் உப்பங்கழியும் மணல்மேடும் கலந்த பகுதியாகும். வடக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம். இவ்விரண்டையும் இணைத்தவாறு கடற்கரைக்கு இணையாகச் செல்வது பக்கிங்காம் கால்வாய். இரு முகத்துவாரங்களின் வழியாகவும் ஓதம் ஏறும்போது கடல்நீர் கால்வாய்க்குள் புகும், வற்றும்போது வெளியேறும்.

தோணிகள் மட்டம் மாறிக் கடப்பதற்காகக் கால்வாயில் ஆங்காங்கே கட்டப்பட்ட கதவடைப்புகளை நம் மக்கள் 'லாக்கு' என்பர். நாம் சிறுவராயிருந்த 1970களின் பிற்பகுதியில் தோணிப் போக்குவரத்து பெரிதும் ஓய்ந்துவிட்டது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் ஏற்றிச் சென்ற தோணிகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதே மிகுதி. மீஞ்சூருக்குக் கிழக்கே எங்கள் சேரியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், பாழடைந்த லாக்கு ஒன்று இருந்தது. அதன் மரக்கதவுகள் உளுத்து விழுந்துவிட்டன. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பக்கச் சுவர்கள் மட்டும் நின்றன. அச்சுவர்களுக்கிடையே ஓதநீர் ஏறி, வற்றும் காலத்திலும் ஓராள் ஆழத்திற்குத் தேங்கி நிற்கும். அதுவே எங்கள் குளியல் துறை. 'லாக்கு மடு' என்று அழைப்போம்.

எந்த நேரத்தில் நீர் ஏறும் என்பதைச் சொல்ல எங்களிடம் கடிகாரம் இல்லை. இன்று உச்சியில் ஏறிய ஓதம் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தாழ்ந்து ஏறும் என்பதை நிழலைக் கொண்டு கணக்கிட்டோம். நாள்தோறும் நிலவு பிந்தி எழுவதே இதற்குக் காரணம் என்பதைப் பின்னாளில் புத்தகத்தில் படித்தோம். முழுநிலவிலும் அமாவாசையிலும் ஓதம் மிகுந்து ஏறும். நம் கரையில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு அந்நாட்களிலும் ஏறத்தாழ 1 மீட்டர்தான். ஆயினும் சிறுவர்களாகிய எங்களுக்கு அந்த 1 மீட்டர் போதுமானதாயிருந்தது. சுவரின் மேலிருந்து குதிப்பதா வேண்டாவா என்பதை அதுவே முடிவு செய்தது.

சுவரில் ஒட்டிய சிப்பி காலைக் கிழிக்கும். சொறிமுட்டை பட்டால் தோல் தடித்துவிடும். வெயிலில் உலர்ந்த பின் உடல் முழுவதும் உப்புப் பூத்து வெள்ளையாகும். அதைக் கழுவ நல்ல நீர் கிடையாது. குடிக்கவே நீர் அளந்து தரப்பட்ட வீட்டில், உடலைக் கழுவ ஒரு செம்பு கேட்டால் தாய்மார் சினப்பதில் வியப்பில்லை. எங்களுக்குச் சற்றுத் தள்ளி, இடுப்பளவு நீரில் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருப்பர். ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவிப் பிடிப்பார்கள். நம் பெண்களும் இருளர் பெண்களும் அருகருகே நின்று இத்தொழில் செய்தனர். வலைவிரிக்கும் 'பாடு' முறைப்படி ஏரியின் நல்ல மீன்பிடி இடங்கள் மீனவக் குப்பங்களுக்குப் பங்கிடப்பட்டிருந்தன. கையால் தடவிப் பிடிப்பது ஒன்றே இவர்களுக்கு மிஞ்சியது.

இந்நினைவுகள் இனியவையே. நீச்சல், ஓட்டம், நண்பர் கூட்டம் ஆகியன எக்குழந்தைக்கும் இனியவை. ஆயினும் நம் இளைஞர்கள் ஒன்றைக் கேட்டல் வேண்டும். ஊரின் நடுவே படித்துறையோடு நல்ல நீர்க் குளம் இருக்கையில், நாம் ஏன் உப்பு மடுவைத் தேடி நடந்தோம்?

நல்ல நீர் யாருக்கு உரியதாயிருந்தது?

ஊர்க் குளத்தில் நாம் இறங்கலாகாது என்பது எழுதப்படாத கட்டளை. ஒருமுறை சிறுவர் இருவர் அக்குளத்தின் படியில் கால் நனைத்ததற்காகக் கல்லால் அடித்து விரட்டப்பட்டதைக் கண்டோம். தீண்டாமைக் குற்றச் சட்டம் நிறைவேறி 20 ஆண்டுகளுக்கு மேலான பின்பு நடந்தது இது. அன்று மாலை முதியவர் ஒருவர், "கடலுக்குக் காவல்காரன் கிடையாது தம்பி, அங்கே போய்க் குளி" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதுவே தம் தலைமுறை கண்ட எல்லை என்பதும் அச்சொல்லில் அடங்கியிருந்தது.

இந்நிலை எப்படி வந்தது என்பதற்கு ஆவணங்கள் உண்டு. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதி. அம்மாவட்டத்தின் ஆட்சியர் டிரமென்ஹீர் 1891ஆம் ஆண்டில் இம்மாவட்டப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். தாம் குடியிருக்கும் மனை கூட இம்மக்களுக்குச் சொந்தமன்று, மிராசுதாரரின் விருப்பத்திற்கு உட்பட்டே அவர்கள் வாழ்கின்றனர் என்பதை அவ்வறிக்கை புலப்படுத்தியது. அதன் பயனாகவே 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டிற்கு வழி பிறந்தது. குடியிருக்கும் மண்ணே தமதில்லாத மக்கள் குளத்தின் மீது உரிமை கேட்பது எங்ஙனம்?

நாம் குளித்த கால்வாயின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1806இல் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்புநீர்க் கால்வாய் வெட்டுவித்தார். பின்னர் அது பழவேற்காடு வரையும் அதற்கப்பாலும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய தாதுவருடப் பஞ்சத்தின்போது, சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. பஞ்சத்தில் முதலில் வேலையும் உணவும் இழந்தவர்கள் நிலமற்ற கூலியாட்கள். 1877இல் நிவாரண வேலையாளுக்கு நாளொன்றுக்கு 1 ராத்தல் தானியமும் சிறு காசுமே போதும் எனக் கூலி குறைக்கப்பட்டதை வரலாறு கூறுகிறது. ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்கும் குறைவு. அந்தக் கூலிக்கு மண் சுமந்து வெட்டிய கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

சட்டமன்றத்தில் எழுந்த குரல்

நீருக்கான உரிமையை முதலில் சட்டத்தின் வாயிலாகக் கேட்டவர்களுள் நம் மாவட்டத்து மண்ணின் மைந்தர் ஒருவர் முன்னிற்கிறார். செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராயிருந்தபோது, 1924ஆம் ஆண்டில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொது அலுவலகம், பொதுக் கிணறு, பொதுக் குளம் ஆகியவற்றை எவ்வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் ஆயிற்று. ஏட்டில் அன்றே நம் குளம் திறந்துவிட்டது எனலாம். படித்துறை திறக்கவில்லை.

ஏட்டிலுள்ளதைப் படித்துறைக்குக் கொண்டுவர என்ன செய்தல் வேண்டும் என்பதை அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரில் காட்டினார். பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1923இல் போலே என்பவர் கொண்டுவந்த தீர்மானம் பொது நீர்நிலைகளை அனைவருக்கும் உரியவை ஆக்கியது. மகாத் நகராட்சியும் தன் சௌதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானித்தது. எவரும் இறங்கத் துணியவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகச் சென்று அக்குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். பின்னர் மாநாட்டினர் தாக்கப்பட்டனர். குளம் 'தீட்டுப்பட்டது' எனச் சாணமும் கோமியமும் கொண்டு சடங்கு செய்யப்பட்டது. நகராட்சி தன் தீர்மானத்தை விலக்கிக்கொண்டது. வழக்கு நீதிமன்றங்களில் நெடுங்காலம் நடந்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் வெற்றி கிட்டியது. ஒரு கை நீருக்குப் பத்தாண்டுப் போராட்டம் என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்போராட்டத்தை நடத்தியவரே அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். 15ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவில், அரசு நிதியால் பேணப்படும் கிணறுகள், குளங்கள், நீராடும் துறைகள், சாலைகள் ஆகியவற்றில் சாதி, சமய வேறுபாடு காட்டலாகாது எனப் பொறிக்கப்பட்டுள்ளது. 'நீராடும் துறை' என்னும் சொல் நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருப்பதை நம் மாணவர் பலர் கவனிப்பதில்லை. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவு நீர்நிலையிலும் நீராடும் துறையிலும் தடை செய்வோரைத் தண்டிக்கிறது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது.

கடலுக்கும் காவல் போட்ட நாடுகள்

கடலுக்குக் காவல்காரன் கிடையாது என்றார் நம் முதியவர். கடலுக்கும் காவல் போட்ட நாடுகள் உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து 'துரூரோ' என்னும் கப்பல் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதிலும் பின்சென்ற கப்பல்களிலும் தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்த நம் மக்களும் சென்றனர். அந்நாட்டில் கடலோரப் பாறைகளுக்கிடையே சுவர் எழுப்பி, ஓதநீரைத் தேக்கி நீராடும் குளங்கள் பல உண்டு. எங்கள் லாக்கு மடு தற்செயலாக அமைந்தது; அவை திட்டமிட்டுக் கட்டப்பட்டவை. 1953ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் சட்டம் கடற்கரைகளையும் குளங்களையும் நிறவாரியாகப் பிரிக்க இடமளித்தது. கரும்பு வெட்டச் சென்ற தமிழரின் பேரப்பிள்ளைகள் வெள்ளையருக்கெனக் குறித்த மணலில் நிற்க இயலவில்லை. 1989 நவம்பரில் கடற்கரைகள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. 1990இல் அச்சட்டமே நீக்கப்பட்டது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து பிலாக்சி நகரில், கறுப்பின மருத்துவர் கில்பர்ட் மேசன் 1959இல் மறுக்கப்பட்ட கடற்கரையில் இறங்கி அறப்போர் தொடங்கினார். 1960 ஏப்ரல் 24ஆம் நாள் அவருடன் கடலில் இறங்கியோர் கொடுமையாகத் தாக்கப்பட்டனர். ஆஸ்திரேலியாவின் மோரி நகரில் பழங்குடிச் சிறுவர்களுக்கு நகராட்சி நீச்சற்குளம் மறுக்கப்பட்டிருந்தது. பழங்குடி மாணவர் சார்லஸ் பெர்க்கின்ஸ் 1965 பிப்ரவரியில் தம் தோழர்களுடன் அச்சிறுவர்களை அழைத்துச் சென்று உள்ளே நுழைய வழிசெய்தார். மகாத், பிலாக்சி, மோரி ஆகிய மூன்று இடங்களிலும் நடந்தது ஒன்றே. உரிமையுள்ளவர்கள் ஒன்றுகூடிச் சென்று நீரில் இறங்கினார்கள்.

இன்றைய நிலை

இன்று நம் வட்டாரத்தில் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் பெருகியுள்ளன. 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அதன்பின் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் எழுந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நம் பிள்ளைகள் பலர் வேலை பெற்றுள்ளனர். அது மறுக்கலாகாத நன்மை. ஆயின் ஓதநீர் நலிந்துவிட்டது. கழியில் சாம்பலும் சேறும் படிந்து ஆழம் குறைந்துள்ளது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழியெங்கும் பரந்தது. ஊர்க் குளம் மறுக்கப்பட்டோருக்கு மிஞ்சிய நீர் கெடும்போது, முதலில் இழப்பவர் கையால் இறால் தடவும் பெண்களே.

பழைய கொடுமை ஒழிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. நாடே தலைகுனிந்த நிகழ்ச்சி அது. தண்ணீரைக் கொண்டு மனிதரை இழிவுபடுத்தும் எண்ணம் இன்னும் மாயவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆகவே, சங்கத்து இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவன மூன்று. முதலாவது, ஆணும் பெண்ணும் நீச்சல் கற்க வேண்டும். நம்மவர் பலர் ஆழ்நீரை அஞ்சுவதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாகக் குளம் மறுக்கப்பட்டமையே. இரண்டாவது, அரசமைப்பின் 15ஆம் பிரிவையும் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவையும் தமிழில் எழுதி, நம் இரவுப் பாடசாலைகளின் சுவரில் ஒட்டுதல் வேண்டும். மூன்றாவது, எந்தக் குளத்தில் இறங்க விடவில்லை, எந்தக் கிணற்றில் யார் நீர் ஊற்றினார் என்பதை இன்று வாழும் முதியோரிடம் கேட்டுக் குறித்துவைத்தல் வேண்டும். அவர்கள் மறைந்தால் அச்செய்திகள் எந்த அலுவலகக் கோப்பிலும் கிடைக்கமாட்டா.

நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இக்கட்டுரையின் பொருளைப் பற்றி எழுதும் இளைஞர் எந்த ஊரினராயினும், தம் ஊர்க் குளத்தின் படித்துறையில் நீந்தப் பழகியவராக இருத்தல் வேண்டும் என்பதே நம் விழைவு.