யாருடைய நேரம்? சிங்கப்பூரில் தொழிலாளர் கல்விக் கூட்டுறவின் வளர்ச்சி, 1960–2025

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களின் வரலாற்றைத் தேடிப் போனால், அரசுத் திட்டங்களின் பெயர்ப் பட்டியல்தான் முதலில் கைக்கு வரும். பத்தாண்டுக்கு ஒருமுறை பெயர்கள் மாறின. அவற்றுக்கு அடியில் ஓடிய கேள்விகள் இரண்டுதான். பயிற்சிக்கான பணத்தை யார் தருவது? வேலைக்குப் போகும் ஒருவர் படிப்பதற்கான நேரத்தை யார் தருவது? பணத்துக்கு 1979லேயே வழி பிறந்துவிட்டது. நேரம்தான் இன்றுவரை இழுபறியில் கிடக்கிறது என்பது என் வாதம்.

தன்னாட்சி கிடைத்த மறு ஆண்டே, 1960இல், முதியோர் கல்வி வாரியம் அமைக்கப்பட்டது. பகலில் பிள்ளைகள் படித்த வகுப்பறைகளில் மாலையில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். மலாய் தேசிய மொழியாகியிருந்ததால் மொழி வகுப்புகளுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. இந்த ஏற்பாட்டில் முதலாளிகளுக்கு வேலையே இல்லை. இடத்தையும் ஆசிரியரையும் அரசு தந்தது. நாள் முழுக்க உழைத்த களைப்போடு வந்தவர் தம் ஓய்வு நேரத்தைத் தந்தார்.

நிலைமையைப் புரட்டிப்போட்டது 1968 ஜனவரி. தன் படைத்தளங்களை 1971க்குள் மூடிவிடப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. தளங்களை நம்பிப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மாற்று வேலை வேண்டும்; அந்த வேலையைத் தரக்கூடிய அயல்நாட்டு நிறுவனங்களோ கைத்தேர்ச்சி பெற்ற ஆட்களைக் கேட்டன. ஆள் இல்லாமல் ஆலை வராது, ஆலை இல்லாமல் ஆளைப் பழக்க முடியாது. இந்த முடிச்சைப் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அவிழ்த்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கழகத்தோடு முதலில் கைகோத்தது ஓர் இந்திய நிறுவனம். டாடா–அரசாங்கப் பயிற்சி நிலையம் 1972இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ரோலை கேமரா நிறுவனமும், 1975இல் நெதர்லாந்தின் பிலிப்ஸும் அதே வழியில் வந்தன. இடமும் கட்டடமும் செலவில் பெரும்பங்கும் அரசுடையவை. பயிற்சி முறையும் அதைச் சொல்லித்தரும் கைகளும் நிறுவனத்துடையவை. ஒப்பந்தத்தின் உயிர் ஒரு நிபந்தனையில் இருந்தது: நிறுவனம் தன் தேவைக்கு மேற்பட்ட ஆட்களுக்கும் பயிற்சி தர வேண்டும். மிஞ்சியவர்கள் மற்ற ஆலைகளுக்குப் போவார்கள். போட்டியாளனுக்கு ஆள் தயாரிக்க எந்த முதலாளியும் மனமுவந்து முன்வர மாட்டார். செலவை அரசு ஏற்றதால்தான் அது நடந்தது.

அச்சுக் கருவி செய்யும் தொழிலைப் பழகுபவர் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் அரத்தைப் பிடிக்க வேண்டும். ஓர் இரும்புத் துண்டின் ஆறு பக்கங்களையும் கையாலேயே தேய்த்து மட்டம் பார்த்து, மூலைமட்டத்தை வைத்தால் இடையே வெளிச்சம் புகாத அளவுக்குக் கொண்டுவர நாள்கணக்கில் ஆகும். இந்தப் பொறுமையை மாலை வகுப்பில் ஊட்டிவிட முடியாது. டாடா நிலையத்தில் பயிற்சியே முழுநேர வேலை, உதவித்தொகையும் உண்டு. ஆக, நேரத்துக்கான விலையை அங்கே படிப்பவர் கொடுக்கவில்லை. ஆனால் உள்ளே நுழைந்தவர்கள் பள்ளி முடித்த இளைஞர்கள். குடும்பம் தாங்கும் நாற்பது வயதுக்காரருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

ரோலை 1981இல் சிங்கப்பூரில் கடையைக் கட்டியது. நிறுவனம் போனாலும், அங்கே பழகிய நுண்பொறியியல் திறன் தீவிலேயே தங்கி வேறு ஆலைகளில் பயன்பட்டது. தேவைக்கு மேல் பயிற்சி என்ற நிபந்தனையின் அருமை அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

இனிப் பணத்தின் கதை. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்த முத்தரப்பு அமைப்பான தேசியச் சம்பள மன்றம் 1972 முதல் இயங்கிவந்தது. அதன் பரிந்துரைப்படி 1979இல் ஊதியத்தை வேண்டுமென்றே உயர்த்தும் கொள்கையோடு திறன் மேம்பாட்டு நிதியும் பிறந்தது. மாதம் 750 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பளம் தரும் ஒவ்வோர் ஊழியருக்காகவும் முதலாளி தீர்வை கட்ட வேண்டும். தொடக்கத்தில் 2 விழுக்காடு. அடுத்த ஆண்டே 4. மலிவான உழைப்பை நம்பியிருப்பவர் அதற்கு விலை தர வேண்டும், ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்புபவர் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற கணக்கு இது. இந்த அறுபத்தைந்து ஆண்டுகளில் வந்தவற்றுள் மிகக் கூர்மையான யோசனை இதுதான் என்பேன். 1985இன் பொருளியல் சரிவு அதை மழுக்கியது. 1986இல் தீர்வை 1 விழுக்காட்டுக்கு இறங்கியது.

நிதி இருந்தும் ஒரு தடை நின்றது. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஊழியரணியில் பெரும் பகுதியினர் தொடக்கக் கல்வியைத் தாண்டாதவர்கள். இயந்திரத்தின் கையேட்டைப் படிக்க முடியாதவருக்கு எந்தத் திறனைக் கற்பிப்பது? இதற்காக 1983இல் வந்த அடிப்படைக் கல்வித் திட்டத்தை ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பெஸ்ட் என்றே அழைத்தார்கள். ஆங்கிலமும் கணக்கும் பாடங்கள். ஆறாம் வகுப்புத் தரம் இலக்கு. தொழிற்பயிற்சி வாரியமும் முதலாளிகளும் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் சேர்ந்து நடத்தினார்கள். வகுப்பறை ஆலைக்குள்ளேயே வந்தது இதன் சிறப்பு. ஷிப்ட் முடிந்து பேருந்து பிடித்து வேறெங்கோ போக வேண்டியதில்லை. குழந்தைகளை வீட்டில் விட்டுவந்த பெண் தொழிலாளிக்கு அந்த ஒரு மணிநேர மிச்சம்தான் படிப்பதையும் கைவிடுவதையும் தீர்மானித்தது.

1996இல் தொழிற்சங்கக் காங்கிரஸ் தொடங்கிய மறுதிறன் பயிற்சித் திட்டம் ஒரு படி மேலே போனது. பயிற்சிக் கட்டணத்தோடு, ஊழியர் வகுப்பில் இருக்கும் நேரத்துக்கான சம்பளத்திலும் ஒரு பங்கை முதலாளிக்கு ஈடுகட்டியது. நேரத்துக்கு விலை உண்டு என்பதைக் கூட்டுறவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட இடமாக இதைக் கருதுகிறேன். ஊழியரணி மேம்பாட்டு அமைப்பு 2003இலும் தேசியத் திறன் தகுதிச் சான்றிதழ்கள் 2005இலும் வந்தன.

துப்புரவு, பாதுகாவல், நிலவனப்புத் தொழில்களில் 2014 முதல் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டாயமாக்கப்பட்ட படிப்படியான ஊதிய முறை, பயிற்சியைச் சம்பளத்தோடு முடிச்சுப் போட்டது. படித்தால் சம்பளம் கூடும் என்ற வாக்குறுதி இங்கே உரிமமும் சட்டமும் தாங்கும் கடமையாயிற்று.

2016இல் திசை மாறியது. 25 வயதைக் கடந்த ஒவ்வொரு குடிமகன் கணக்கிலும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுத் திட்டத்தின் பயிற்சிச் சிறப்புத்தொகையாக 500 வெள்ளி சேர்ந்தது. 2024இல் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி. தேர்வு செய்யும் சுதந்திரம் தனிமனிதரிடம் வந்தது நல்லதே. கூடவே நேரத்தின் சுமையும் அவர் தோளுக்குத் திரும்பியது. கணக்கில் பணம் இருந்தும், பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் பார்க்கும் காவலாளி எப்போது வகுப்புக்குப் போவார்? 2025இல் வந்த பயிற்சிப்படி இதற்கு ஒரு விடை. வேலையை விட்டு முழுநேரம் படிக்கும் நாற்பது கடந்தவருக்கு முந்தைய வருமானத்தின் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, 24 மாதங்களுக்குக் கிடைக்கும். பாதி வருமானத்தில் வீட்டை ஓட்ட முடிந்தவருக்கு மட்டும் அது விடை.

இந்த வரலாற்றின் ஓரத்தில் நம்மவர்கள் பலர் நிற்கிறார்கள். தமிழகத்திலிருந்து கட்டுமான வேலைக்குப் போகும் இளைஞர், சிங்கப்பூர் அங்கீகரித்த தேர்வு மையத்தில் ஊரிலேயே காசு கட்டித் தேர்ச்சி பெற்ற பிறகே வேலை அனுமதிச் சீட்டு வாங்குகிறார். அவருக்காகவும் திறன் மேம்பாட்டுத் தீர்வை கட்டப்படுகிறது. இன்று அது சம்பளத்தில் 0.25 விழுக்காடு, 800 வெள்ளிக்கு 2 வெள்ளி. சிறப்புத்தொகையோ குடிமக்களுக்கு மட்டும். அவர் மேல்நிலைத் திறன் பெற்றால் முதலாளி கட்டும் வெளிநாட்டு ஊழியர் தீர்வை, 2024 முதல், மாதம் 900 வெள்ளியிலிருந்து 500ஆகக் குறைகிறது. இத்தனைக்கும் அவர் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. திறமையால் மிச்சமாகும் 400 வெள்ளியில் அவர் பங்கு எவ்வளவு என்பதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. துப்புரவாளருக்கும் காவலாளிக்கும் போட்ட ஊதியப் படிக்கட்டைக் கட்டுமானத் தளத்துக்கும் நீட்ட வேண்டும்.